மசாஃபியில் கழற்றிவிட்ட ஜீப்

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. இறந்துபோன என் தங்கையின் பெண்கள் இரண்டு பேரையும் சேர்த்துச் சொல்கிறேன். பள்ளிக்கூடம் போனது இரண்டாம் வகுப்பு வரை. பேருந்தின் பெயர்ப் பலகையை நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பேருந்து போய்விடும். ஆனால் எண் தெரியும். பண்ருட்டிப் பக்கம் கரும்பு வெட்டும் ஆட்களுக்கு இருபத்தாறு வருடம் மேஸ்திரியாக இருந்தேன். ஆலையின் எடை மேடையில் டிராக்டர் ஏறி இறங்கியதும் சீட்டை நானே வாங்கிப் பார்ப்பேன். எண்ணில் என்னை யாரும் ஏமாற்றியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

என் மூன்றாவது பிள்ளை சேகர். அபுதாபிக்கு வெளியே முசஃபாவில் ஒரு கேரேஜில் வெல்டர். மெக்கானிக் வேலையும் அவனே பார்க்கிறான். பதினேழு வருடமாக அதே இடம். மருமகளுக்கு ஒரு கிளினிக்கில் டியூட்டி. பேத்தி இனியாவுக்குப் பன்னிரண்டு வயது. இவர்களைப் பார்க்க விசிட் விசாவில் வந்து இரண்டு மாதம் இருந்தேன். அதில் முசஃபாவிலிருந்து புஜைரா வரை போன ஒரு பயணத்தைத்தான் இங்கே சொல்கிறேன். போகாதவர்களுக்கு அந்த வழி எப்படி இருக்கும் என்று தெரியட்டும். வேறொரு காரணமும் உண்டு, அது கடைசியில் வரும்.

வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணி. முசஃபா.

முசஃபாவில் தெருவுக்குப் பெயர் கிடையாது. எம் என்ற எழுத்தும் ஒரு எண்ணும்தான். இரண்டு பக்கமும் ஷெட்டுகள். ஒரு ஷெட்டில் டயர், அடுத்ததில் ரேடியேட்டர், அதற்கடுத்ததில் பெயின்ட். இரும்பு அறுக்கும் வாசனை வேட்டி, புடவை, சோறு எல்லாவற்றிலும் ஏறிக்கொள்கிறது. சேகர் வேலை செய்யும் ஷெட்டின் வாசலில் அந்த கேரவன் நின்றது. முன்பக்கம் வேன் மூஞ்சி, பின்பக்கம் ஒரு வீடு. இருபத்தாறு அடி நீளம். உள்ளே கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் இருக்கின்றன. அமெரிக்காவில் செய்தது, இருபத்தெட்டு வருடப் பழசு. கேரேஜின் சொந்தக்காரரை எல்லோரும் அர்பாப் என்கிறார்கள், முதலாளி என்று அர்த்தம். சேகரின் விசா அவர் பெயரில்தான். அந்த கேரவனை அவர் இரண்டு வருடத்துக்கு முன்னால் யாரிடமோ வாங்கியிருந்தார்.

சனிக்கிழமை புஜைராக் கடற்கரைக்கு அவருடைய விருந்தாளிகள் வருகிறார்கள். கேரவன் அங்கே போக வேண்டும். மலைப்பாதையில் ஓட்டிப் பார்க்க ஒரு பழைய ஜீப்பும் வேண்டும். ஜீப்பை டிரெய்லரில் ஏற்றி, கேரவனின் பின்னால் மாட்டி சேகர் இழுத்துக்கொண்டு வர வேண்டும். கேரவனின் அடியில் அதற்கென்று ஒரு கொக்கி இருந்தது. நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு, அதன் தலையில் எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிய ஒரு குண்டு. இந்தப் பழைய கொக்கி இழுக்குமா இழுக்காதா என்று சாயங்காலத்துக்குள் சொல் என்று அர்பாப் சேகரிடம் சொல்லியிருந்தார்.

சேகர் விளக்கை எடுத்துக்கொண்டு அடியில் படுத்தான். நான் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். போல்ட் ஆறையும் முறுக்கிப் பார்த்தான். சுத்தியலால் ஒவ்வொரு இடமாகத் தட்டிச் சத்தம் கேட்டான். குண்டுக்கு கிரீஸ் வைத்தான். கொக்கி கழன்றாலும் டிரெய்லர் ஓடிவிடாமல் பிடிக்க இரண்டு சங்கிலி உண்டு, அதை மாட்டி இழுத்துப் பார்த்தான். பின்விளக்கு ஒயரைச் செருகி, பிரேக்கை மிதித்து, விளக்கு எரிகிறதா என்று இனியாவைக் கேட்டான்.

"எல்லாம் சரி. இழுக்கற சுமை எவ்வளவு?" என்று கேட்டேன்.

"ஜீப்பும் டிரெய்லரும். தோராயமா ரெண்டு டன்னுக்குள்ள இருக்கும்மா."

"தோராயம்னா? எடை போடு."

அவன் சிரித்தான், ஆனால் போட்டான். பழைய இரும்புக்காரரின் எடை மேடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. கட்டணம் பத்து திர்ஹம். சீட்டை நானே வாங்கினேன். ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு கிலோ.

திரும்பி வந்து, கொக்கி எவ்வளவு தாங்கும் என்று பார்த்தோம். கொக்கியின் பக்கவாட்டில் ஒரு தகடு இருந்தது. யாரோ மேலேயே கறுப்பு பெயின்ட் அடித்திருந்தார்கள். சேகர் துணியால் துடைத்தான். நான் அவன் தோளைப் பிடித்துக் குனிந்து பார்த்தேன். மூன்று, ஐந்து, பூஜ்யம், பூஜ்யம்.

"மூவாயிரத்து ஐந்நூறு. உன் சுமை அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலதான்," என்றேன்.

இனியாவும் குனிந்திருந்தாள். "ஆயா, நம்பர் பக்கத்துல ஏதோ லெட்டர்ஸ் இருக்கு. பெயின்ட் மறைக்குது."

"நம்பர் எனக்குத் தெரியும்டி. நீ எழுந்திரு, கவுன்ல எண்ணெய் படுது."

அவள் எழுந்துவிட்டாள்.

சேகர் உடனே எழுந்திருக்கவில்லை. "பழைய வண்டிம்மா. வேனோட சேஸ், அடிச்சட்டம், இதோ இங்கியே முடிஞ்சிடுது. வீடு கட்டறதுக்காக அதுக்கு மேல ஒட்டுப்போட்டு நீட்டியிருக்கான். கொக்கி அந்த ஒட்டுலதான் தொங்குது."

"ஒட்டு உன் வேலைதானே. நல்லா இருக்கா இல்லியா?"

"பாக்க நல்லாத்தான் இருக்கு."

"அப்பறம் என்ன? தாங்கும்னு சொல்லிடு."

நான் அவசரப்படுத்தியதற்குக் காரணம் உண்டு. என் கடைசி மகள் செல்வியின் பெண்ணுக்கு வரும் வெள்ளிக்கிழமை கல்யாணம். தாய்மாமன் என்று இருப்பது சேகர் ஒருவன்தான். அவன் அண்ணன்கள் இரண்டு பேரும் இப்போது இல்லை. சேகர் ஊருக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. எனக்கும் அவனுக்கும் புதன்கிழமைக்கு டிக்கெட் போட்டாயிற்று. புஜைரா வேலையை முடித்துக்கொடு, திங்கட்கிழமை லீவுத் தாளில் கையெழுத்துப் போடுகிறேன் என்று அர்பாப் சொல்லியிருந்தார். கொக்கி தாங்காது என்று சொன்னால் அந்தக் கையெழுத்து என்ன ஆகுமோ என்று எனக்கு பயம். சேகர் போனை எடுத்து, தாங்கும் என்று சொல்லிவிட்டான்.

சனிக்கிழமை, காலை ஆறரை மணி.

கிளம்பினோம். புஜைரா இருநூற்று முப்பது கிலோமீட்டர் சொச்சம். சேகர் ஓட்டினான், நான் பக்கத்தில், இனியா பின்னால் கட்டிலில். மருமகளுக்கு டியூட்டி. வேகம் எண்பதைத் தாண்டக்கூடாது என்று சேகரே வைத்துக்கொண்டான். லாரிகளோடு வலது ஓரத்திலேயே போனோம். வழி நெடுக மணல், மணலை ஒட்டிக் கம்பிவேலி, வேலிக்கு அந்தப் பக்கம் மின்சாரக் கோபுரம். ஒரு மணி நேரம் கண் மூடி விழித்தாலும் அதே கோபுரம்தான் நிற்கிறது போலிருந்தது. சீட்டின் பஞ்சு அமுங்கிப் போயிருந்ததால் என் இடுப்புக்குக் கீழே கம்பி தட்டியது. முட்டியை நீட்டினால் பெட்டி இடித்தது, மடக்கினால் வலித்தது.

பாலத்தின் இணைப்பு வரும்போதெல்லாம் பின்னாலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. முதலில் நான் பொருட்படுத்தவில்லை.

எட்டே முக்கால். துபாயைத் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க்.

டீ ஒன்றரை திர்ஹம். முட்டை வைத்துச் சுருட்டிய பரோட்டா ஐந்து திர்ஹம், ஒன்று வாங்கினால் இரண்டு பேருக்குப் போதும். டீயைக் குடித்துக்கொண்டு வண்டியைச் சுற்றி நடந்தேன். கேரவனின் வால் தாழ்ந்து மூக்கு தூக்கியிருந்தது.

"டிரெய்லர்ல பாரம் முன்னுக்கு இருக்குடா. ஜீப்பைக் கொஞ்சம் பின்னால தள்ளு," என்றேன்.

கரும்பு டிரெய்லரில் நூறு தடவை செய்தது. சேகர் கட்டை அவிழ்த்து ஜீப்பை ஒரு முழம் பின்னால் நகர்த்தினான். மூக்கு இறங்கியது. எனக்குள்ளே ஒரு கர்வம் வந்ததை மறைக்க மாட்டேன். மறுபடி ரோட்டில் ஏறியதும் வால் ஆட ஆரம்பித்தது. பெரிய லாரி எங்களைக் கடக்கும்போதெல்லாம் டிரெய்லர் ஒரு பக்கம் போய்த் திரும்பி வந்தது, கேரவனையும் கூடவே இழுத்தது. சேகர் வேகத்தை எழுபதுக்குக் குறைத்தான். பக்கக் கண்ணாடியையே பார்த்துப் பார்த்து ஓட்டினான்.

பத்தரை மணிக்கு தைத் என்ற ஊரைத் தாண்டினோம். அதற்கப்புறம்தான் மலை. பச்சை என்று ஒரு இலை கிடையாது. துருப்பிடித்த இரும்பைக் குவித்துவைத்த மாதிரி இருக்கிறது. வழியில் ரோட்டோரமாக ஒரு சந்தை. வெள்ளிக்கிழமைச் சந்தை என்று பெயர், ஆனால் எல்லா நாளும் கடை உண்டு. கம்பளம், மண்பானை, பழம். கமலா ஆரஞ்சு ஒரு கிலோ பத்து திர்ஹம் என்று வாங்கினோம். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது இப்போது 'டக்' ஒன்று வரவில்லை, 'டக், டக்' என்று இரண்டாக வந்தது.

பதினொன்றே கால். மசாஃபி.

புஜைராவுக்கு இன்னும் முப்பத்து மூன்று கிலோமீட்டர். ஏற்றம் முடிந்து, இனி கடல் வரை இறக்கம். முட்டி மரத்துப் போய்விட்டது, நிறுத்து என்றேன். ஒரு பங்கும் அதை ஒட்டி டீக்கடையும் இருந்தன. பக்கத்தில் கம்பெனி பஸ் ஒன்று நின்றது, உள்ளே நீலச் சட்டை போட்ட ஆட்கள். எங்களுக்குப் பின்னாலேயே ஒரு ரிக்கவரி வண்டி வந்து நின்றது. ரோட்டில் கெட்டுப்போன காரை முதுகில் ஏற்றிக்கொண்டு போகும் லாரியை இங்கே ரிக்கவரி என்கிறார்கள். அதை ஓட்டி வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். நாங்கள் பேசியதைக் கேட்டுவிட்டுக் கிட்டே வந்தார். பெயர் குகன், யாழ்ப்பாணம்.

"தம்பி, கோவிக்காதையும். சந்தையில இருந்து உம்மட பின்னாலதான் வாறன். வால் ஆடுது."

"டிரெய்லர்னா கொஞ்சம் ஆடும்ண்ணே," என்றான் சேகர்.

"டிரெய்லர் ஆடலாம். கொக்கி ஆடக்கூடாது. உம்மட கொக்கி ஆடுது."

அவர் தன் வண்டியிலிருந்து விளக்கும், பெயின்ட் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியும் கொண்டுவந்து அடியில் படுத்தார். சேகரும் படுத்தான். தகட்டைத் துடைத்துக்கொண்டே குகன் என்ன வேலை என்று கேட்டார், வெல்டர் என்றான் சேகர்.

"பிள்ளை, இஞ்ச வாரும். இதை ஒருக்கா வாசியும்."

இனியா என்னைப் பார்த்தாள். போ என்று தலையாட்டினேன். அவள் குனிந்து படித்தாள். "மூவாயிரத்து ஐந்நூறு. அப்பறம் எல், பி, எஸ்." கொஞ்சம் நிறுத்தி, "பவுண்ட்ஸ் ஆயா. கிலோ இல்ல," என்றாள்.

"இறாத்தல். அமெரிக்கன் வண்டியெல்லாம் இறாத்தல் கணக்குத்தான் அம்மா," என்றார் குகன். "ஒரு இறாத்தல் அரைக் கிலோவும் வராது."

இனியா போனில் கணக்குப் போட்டாள். ஆயிரத்து ஐந்நூற்று எண்பத்தேழு கிலோ. எங்கள் சுமை ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு. எடை மேடைச் சீட்டு என் சுருக்குப்பையில்தான் இருந்தது. அதை எடுத்துப் பார்க்கவில்லை.

"இன்னும் இருக்கு. தம்பி, நீர் வெல்டர்தானே, நீரே பாரும்."

கொக்கியைப் பிடித்திருந்த ஒட்டில், ஒரு போல்டின் பக்கத்தில், பெயின்ட் மயிரிழை போல வெடித்திருந்தது. வெடிப்புக்குள்ளே இரும்பு புதிதாக மின்னியது. பழைய வெடிப்பு என்றால் துருப்பிடித்திருக்கும். இது அன்றைக்கு விட்டது.

சேகர் எழுந்து என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனான். "அவன் ரிக்கவரிக்காரன்மா. பயமுறுத்தி வாடகை பிடிக்கப் பாக்கறான்."

குகன் காதில் விழுந்துவிட்டது. "தம்பி, என்ர வண்டியில ஏற்கெனவே காரொண்டு ஏறி நிக்குது. உம்மட ஜீப்பை நான் தலையில வச்சே கொண்டுபோறது?"

சேகருக்கு முகம் சுருங்கிவிட்டது. "அதுக்கில்லண்ணே. முப்பத்துமூணு கிலோமீட்டர்தான். நாப்பதுல மெதுவா எறங்கிடலாம். ஒரு மணிக்கு அர்பாப் எதிர்பாத்துட்டு இருப்பாரு."

"இவ்வளவு தூரமும் உம்மட வண்டி அதை இழுத்தது. இனி அது உம்மட வண்டியைத் தள்ளும். உந்தச் சங்கிலி எங்க மாட்டியிருக்கு, பாத்தனீரே?"

சங்கிலியும் அதே ஒட்டில்தான் மாட்டியிருந்தது. ஒட்டு போனால் கொக்கி போகும், சங்கிலியும் கூடவே போகும். அதைச் சேகர் முந்தின நாளே பார்த்திருந்தான். ஆனால் மூவாயிரத்து ஐந்நூறு என்ற எண்ணைக் கேட்டபிறகு யாரும் அதை நினைக்கவில்லை.

"நீதானம்மா சொன்ன, மூவாயிரத்தைநூறுன்னு," என்றான் சேகர். கோபமாகச் சொல்லவில்லை. சோர்ந்துபோய்ச் சொன்னான்.

அந்த இடத்தில் எனக்குச் செல்வியின் முகம்தான் வந்தது. மாமன் வருவான் என்று பத்திரிகையில் பெயர் போட்டுவிட்டாள். முப்பத்து மூன்று கிலோமீட்டர் என்பது பண்ருட்டியிலிருந்து கடலூர் போய்க் கொஞ்சம் திரும்பும் தூரம். மெதுவாகப் போனால் போய்விடலாம் என்று எனக்கும் தோன்றியது. தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய்.

"சொன்னேன். தப்பாச் சொன்னேன். கழட்டு," என்றேன்.

"லீவு?"

"கழட்டுடா."

டிரெய்லரைக் கழற்றிப் பங்கின் பின்பக்கம் தள்ளி நிறுத்த நாற்பது நிமிஷம் ஆனது. ஜீப் அதன் மேலேயே நின்றது. பங்கில் இருந்த பாகிஸ்தான் பட்டாணியரிடம், "பாய், ஏக் தின்," ஒரு நாள் இருக்கட்டும் என்று சேகர் கேட்டான். அவர் சரி என்றார். குகன் கடைசிவரை கூட நின்று தள்ளினார். பணம் கொடுத்தபோது வாங்கவில்லை. ஆரஞ்சில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டார்.

இறங்கும்போது நான் முன்சீட்டில் உட்காரவில்லை. பின்னால் கட்டிலில் இனியாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். பின்கண்ணாடி வழியே பார்த்தால் டிரெய்லர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ரோடு. அதற்குப் பின்னால் அந்தக் கம்பெனி பஸ் வந்துகொண்டிருந்தது. ஜன்னலோரம் இருந்தவர்கள் கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வளைவில் திரும்பும்போது எல்லாத் தலைகளும் ஒன்றாகச் சாய்ந்து ஒன்றாக நிமிர்ந்தன. புஜைரா வரும்வரை அவர்கள் எங்கள் பின்னாலேயே வந்தார்கள். நான் வேறு பக்கம் பார்க்கவில்லை.

ஒன்றே முக்கால் மணி. புஜைரா.

எண்ணெய் நிரப்பும் வட்டத் தொட்டிகள், அதைத் தாண்டிக் கடல். கடலில் கப்பல்கள் முறை வரக் காத்து வரிசையாக நிற்கின்றன. அர்பாப் கரையில் கம்பளம் விரித்து உட்கார்ந்திருந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். விருந்தாளிகள் இன்னும் வரவில்லை.

"ஜீப் வெய்ன்?" என்றார். எங்கே என்று கேட்கிறார்.

சேகர் இந்தியும் அரபியும் கலந்து சொல்ல ஆரம்பித்தான். தன் தப்பு என்று சொல்லப்போகிறான் என்று அவன் குனிந்த விதத்திலேயே தெரிந்தது. நான் இனியாவைத் தள்ளிவிட்டேன். "தகட்டைப் படிச்சது எங்க ஆயா, அவங்கதான் கிலோன்னு சொன்னாங்கன்னு சொல்லு." அவள் இங்கிலீஷில் சொன்னாள்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த வெள்ளை அங்கியோடு மணலில் படுத்து வண்டிக்கு அடியில் போனார். பதினேழு வருடத்தில் அவர் ஒரு வண்டிக்கு அடியில் போய்ப் பார்த்ததில்லை என்று சேகர் பிறகு சொன்னான். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்ததும் அங்கியில் ஒட்டிய மணலைத் தட்டாமல் உட்கார்ந்தார்.

"நானும் கிலோ என்றுதான் படித்தேன்," என்றார். இனியா எனக்குத் தமிழில் சொன்னாள். போன குளிர்காலத்தில் இதே கொக்கியில் படகை மாட்டி இதே இறக்கத்தில் அவரே ஓட்டி வந்தாராம். அவருடைய பேரப்பிள்ளைகள் நான்கு பேர் பின்கட்டிலில் தூங்கிக்கொண்டு வந்தார்களாம். படகு என்ன எடை என்று இன்றுவரை தெரியாது என்றார்.

எனக்குக் காவா என்ற அரபுக் காப்பியை ஊற்றிக் கொடுத்தார். கசப்பு. குடித்தேன்.

பிறகு சேகரிடம் சொன்னார். பழைய ஒட்டு முழுவதையும் வெட்டி எடுத்துப் புதிதாக வைக்க வேண்டும். வேறு யாரும் அதில் கை வைக்கக் கூடாது, சேகர் மட்டும்தான். பதினைந்து நாள் ஆகும். அது முடியும் வரை வண்டி கேரேஜை விட்டு நகராது. லீவு? ரமலானுக்குப் பிறகு. கலாஸ், பேச்சு முடிந்தது.

சேகரை நம்பித்தான் அந்த வேலையைக் கொடுத்தார். அந்த நம்பிக்கைதான் கல்யாணத்தைத் தின்றுவிட்டது. தாய்மாமன் என்றால் எங்கள் ஊரில் என்ன என்று இனியா அவருக்குச் சொல்லிப் பார்த்தாள். அவர் தலையாட்டிக் கேட்டார். பதிலை மாற்றவில்லை. சேகர், "சரி அர்பாப்," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை வேறொரு ரிக்கவரி முந்நூறு திர்ஹத்துக்கு ஜீப்பை மசாஃபியிலிருந்து முசஃபாவுக்கு ஏற்றிக்கொண்டு போனது. நாங்கள் வெறும் கேரவனில் திரும்பினோம். அதே இருநூற்று முப்பது கிலோமீட்டர், அதே வேலி, அதே கோபுரம். பாலத்தின் இணைப்புகளில் சத்தம் வரவில்லை. தைத்தைத் தாண்டியதும் சேகர், "முட்டி எப்படி இருக்கும்மா?" என்று ஒரு தடவை கேட்டான். "இருக்கு," என்றேன்.

செவ்வாய்க்கிழமை, சாயங்காலம்.

நாளைக்கு விமானம். சேகரின் டிக்கெட்டை ரத்து செய்தாயிற்று. பெட்டியை எடை போட்டோம், இருபத்தொன்பது கிலோ. கிலோதானா என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன். எங்கள் ஆலையில் எடை தப்பினால் எவனோ ஒருவனுக்குக் கூலி குறையும், சண்டை போட்டு மறுநாள் வாங்கிவிடலாம். இங்கே எடை தப்பி டிரெய்லர் கழன்றிருந்தால் அந்த பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வந்தவர்களிடம் யார் போய் என்ன சொல்வது? இரண்டு மாதத்தில் நான் பார்த்த கட்டிடம், கடை, கடல் எதுவும் கண்ணுக்குள் வரவில்லை. கண்ணாடியில் சாய்ந்த அந்தத் தலைகள்தான் வருகின்றன. உடம்பு களைத்துவிட்டது. ஊருக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருக்கிறது.

ஆனால் போனதும் செல்வி கேட்பாள், மாமன் எங்கே என்று. வாயால் சொன்னால் என் பக்கம் கொஞ்சம் வளைத்துச் சொல்லிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அர்பாப் லீவு கொடுக்கவில்லை என்று ஒரே பேச்சில் முடித்துவிடலாம், எல்லோரும் நம்புவார்கள். அதற்காகத்தான் இதை நான் சொல்லச் சொல்ல இனியாவை எழுதச் சொன்னேன். அவள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் கற்றுக்கொண்ட எழுத்து. செல்வி வீட்டில் அவள் பெண் இதைச் சத்தமாகப் படிக்கட்டும், பந்தலில் எல்லோரும் கேட்கட்டும்.

இனியா, விளக்கைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து படி. நான் உன்னை எழுந்திரு என்று அதட்டிய இடத்தை விட்டிருந்தால் இப்போதே சேர்த்துக்கொள். மெதுவாகப் படி, அவசரம் ஒன்றும் இல்லை. எண் வருகிற இடத்தில் நின்று, பக்கத்தில் இருக்கிற எழுத்தையும் சேர்த்துப் படி.